மரவீட்டின் அடியில் சேரும் ஓதம்

நியூசிலாந்தின் பழைய மரவீடு மண்ணை விட்டு எழும்பி நிற்கிறது. 1880களிலிருந்து முதல் உலகப் போர்வரை கட்டிய வில்லாக்கள், அதற்குப் பின் வந்த பங்களாக்கள், 1937 முதல் அரசு கட்டிக்கொடுத்த ஸ்டேட் ஹவுஸ்கள் எல்லாவற்றுக்கும் இதுதான் அமைப்பு. மண்ணில் ஊன்றிய குட்டைத் தூண்கள், அதாவது பைல்கள். அவற்றின் மேல் பேரர் எனப்படும் உத்தரங்கள். உத்தரங்களுக்குக் குறுக்கே ஜாயிஸ்ட் சட்டங்கள். சட்டங்களின் மேல் ரிமு, மட்டாய், கவுரி மரப் பலகைகள். பலகைக்கும் மண்ணுக்கும் நடுவே ஓர் ஆள் தவழ்ந்து போகும் அளவுக்கு வெற்றிடம். செங்கல் வீட்டிலும் கான்கிரீட் வீட்டிலும் வளர்ந்த நமக்கு அந்த வெற்றிடம் கண்ணில் படுவதே இல்லை. வீடு பார்க்கப் போனால் சமையலறையைப் பார்ப்போம், சாமி படம் வைக்க மூலை இருக்கிறதா என்று பார்ப்போம், திசை பார்ப்போம். குனிந்து வீட்டுக்கு அடியில் பார்க்கிறவர்கள் குறைவு. இந்த அத்தியாயம் முழுக்க அந்த இருட்டுக்குள்தான்.

ஓதத்தை விரட்டுவதற்கு ஒரு வரிசை உண்டு. வெளியிலிருந்து வரும் நீரை முதலில் திருப்பிவிட வேண்டும். பிறகு அடியில் காற்று ஓட வழி செய்ய வேண்டும். அதன் பிறகு மண்ணை மூட வேண்டும். இன்சுலேஷன், ஹீட் பம்ப், காற்றைச் சுழற்றும் இயந்திரம் ஆகியவற்றின் முறை அதற்குப் பின்புதான் வருகிறது. ஆனால் வாசலில் வந்து நிற்கும் விற்பனையாளர் கடைசியில் வரவேண்டியதைத்தான் முதலில் விற்பார். ஆயிரக்கணக்கான டாலர் கொடுத்துக் கூரைக்குள் விசிறி பொருத்திவிட்டு, உடைந்த மழைநீர்க் குழாய் வீட்டடியில் கொட்டிக்கொண்டிருப்பதை அப்படியே விட்ட குடும்பங்கள் பல. வரிசை மாறினால் பணம்தான் போகும், ஓதம் போகாது.

ஈரம் எங்கிருந்து எங்கே போகிறது

மூடாத ஈரமண்ணிலிருந்து எவ்வளவு நீர் ஆவியாகும் என்பதைக் கேட்டால் பலருக்கு நம்பிக்கை வராது. 100 சதுர மீட்டர் வீட்டின் அடியிலிருந்து ஒரு நாளில் 40 லிட்டர் வரை ஆவியாகலாம் என்பது கட்டட ஆராய்ச்சி நிறுவனமான பிரான்ஸ் (BRANZ) தரும் கணக்கு. மண் மேலே உலர்ந்து தூசியாகத் தெரிந்தாலும் ஆவி வந்துகொண்டுதான் இருக்கும். மேல்மண் காய்ந்திருப்பதற்குக் காரணமே அந்த ஆவி உங்கள் பலகைகளுக்குப் போய்விட்டதுதான்.

அது பலகை இடுக்குகளில் ஏறும். பழைய வீட்டுச் சுவர்கள் உள்ளே வெறும் பொந்து என்பதால் சுவர் வழியாகவும் ஏறும். கூரைவரை போய், இரவில் குளிர்ந்த பரப்பு எதுவோ அதில் படிந்து நீராகும். காலையில் ஜன்னல் கண்ணாடியில் வழிகிற நீருக்குச் சோறு வடித்ததும் சாம்பார் கொதித்ததும் மட்டும் காரணமல்ல. சமையல் ஆவியைக் குறைத்து, துணியை வெளியே உலர்த்தி, ஜன்னலைத் திறந்து வைத்தும் கண்ணாடி நனைகிறது என்றால், தரைக்கு அடியில் பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. அலமாரியின் பின்புறச் சுவரில் பூசணம், பெட்டியில் மடித்து வைத்த பட்டுப்புடவையில் மக்கிய வாசம், மரத்தரையில் காலைக் குளிர்ச்சி, இவையும் அதே செய்திதான்.

சென்னையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஆக்லாந்தில் பெய்வது அதைவிடக் குறைவு. ஆனால் சென்னையில் பருவமழை ஓய்ந்ததும் வெயில் வந்து மண்ணைக் காயவைத்துவிடும். ஆக்லாந்தில் மழை ஆண்டு முழுக்கப் பரவிப் பெய்து, வெயில் மிகக் குறைந்த ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் கூடுதலாகிறது. அந்த நகரத்தின் பெரும்பகுதி களிமண். நனைந்த களிமண் வீட்டின் நிழலுக்குள் தானாகக் காய்வதே இல்லை.

மரத்தின் கணக்கு எளிமையானது. மரத்தில் ஈரப்பதம் 18 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் கவலையில்லை. அது 30 சதவீதத்தை நெருங்கி அங்கேயே நின்றால் அழுகல் பூஞ்சை வேரூன்றும். இரண்டுக்கும் நடுவே நீண்ட காலம் கிடக்கும் மரத்தை உளு தேடி வரும். குண்டூசித் தலை அளவுத் துளைகளும், கீழே உதிர்ந்த மாவு போன்ற தூளும் அதன் அடையாளம். ஓதமும் பூசணமும் உள்ள வீடுகளில் மூச்சுநோய்கள் மிகுதி என்று உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டியில் தெளிவாகச் சொல்கிறது. குழந்தைக்கு இளைப்பு இருந்தால் இந்த வேலையை அடுத்த ஆண்டுக்குத் தள்ளாதீர்கள்.

அடியில் இறங்குவதற்கு முன்

நியூசிலாந்தில் பாம்பு இல்லை. அந்தப் பயம் வேண்டாம். பயப்பட வேண்டியவை வேறு.

முதலாவது மின்சாரம். பல வீடுகளில் ஜாயிஸ்ட்களின் அடியில் அலுமினியத் தாளை இன்சுலேஷனாக அடித்திருப்பார்கள். அதை அடித்த ஆணியோ கிளிப்போ மின்கம்பியில் இறங்கியிருந்தால் தாள் முழுவதிலும் மின்சாரம் பாயும். அப்படி உயிர்கள் போனதால்தான் 2016இல் அந்தத் தாளைப் புதிதாகப் பொருத்துவதும் பழுது பார்ப்பதும் தடை செய்யப்பட்டது. ஆகவே மின்பலகையில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு மட்டுமே இறங்குங்கள். பேட்டரி விளக்கு போதும்.

இரண்டாவது ஆஸ்பெஸ்டாஸ். 1940களிலிருந்து 1980கள்வரை மேற்சுவர்த் தகடாகவும் கூரைத் தகடாகவும் அது புழங்கியது. வேலை முடிந்ததும் உடைந்த துண்டுகளை வீட்டடியில் தள்ளிவிட்டுப் போவது அப்போது வழக்கம். சாம்பல் நிறத் தகட்டுத் துண்டு கண்ணில் பட்டால் உடைக்காதீர்கள், பெருக்காதீர்கள். ஆய்வகத்துக்குக் கொடுத்துத் தெரிந்துகொண்ட பிறகு மேலே செய்யலாம். பழைய வீட்டைச் சுற்றியுள்ள மண்ணில் சுரண்டி எடுத்த ஈயப் பெயிண்டும் கலந்திருக்கும். பி2 முகமூடி, கையுறை, முழு உடல் மறைக்கும் உடை ஆகியவற்றோடு இறங்குங்கள். வெளியே ஒருவர் நிற்க வேண்டும். அவருக்கு உங்கள் குரல் கேட்க வேண்டும்.

உள்ளே போனதும் உடனே எதையும் தொடாமல் சற்று நேரம் அப்படியே இருந்து மோந்து பாருங்கள். கிணற்றடி மண்வாசனை என்றால் மழைநீரோ ஊற்றுநீரோ. சாக்கடை நாற்றம் என்றால் கழிவுக்குழாய் விட்டிருக்கிறது. பிறகு விளக்கைத் தாழப் பிடித்து மண்ணின் மேல் அடியுங்கள். நீர் ஓடிய தடம், வண்டல் படிந்த கோடு, வெள்ளையாகப் பூத்த உப்பு, எல்லாம் அந்தச் சாய்ந்த வெளிச்சத்தில் தெளிவாகத் தெரியும். மரப் பைல் மண்ணைத் தொடும் இடத்தில் ஸ்க்ரூடிரைவர் முனையை அழுத்துங்கள். டோட்டாரா, பூரிரி மரப் பைல்கள் நூறாண்டு தாண்டியும் உறுதியாக நிற்பதுண்டு. முனை மெத்தென்று இறங்கினால் பைல் போய்விட்டது. கான்கிரீட் பைலாக இருந்தால் அதன் தலைக்கும் உத்தரத்துக்கும் நடுவே தார்த்தாள் இருக்கிறதா என்று பாருங்கள். அந்தத் தாள் இல்லாவிட்டால் கான்கிரீட் ஈரத்தை உறிஞ்சி நேராக மரத்துக்குக் கொடுக்கும்.

ஈரம் அளக்கும் முள் கருவி ஹார்ட்வேர் கடைகளில் கிடைக்கிறது. பத்துப் பன்னிரண்டு இடங்களில் குத்தி, அந்த ஜாயிஸ்டிலேயே பென்சிலால் எண்ணையும் தேதியையும் எழுதி வையுங்கள். வேலை பலித்ததா என்று பின்னால் சொல்லப்போவது அந்த எண்கள்தான்.

நீர் வரும் வழியை மறித்தல்

பெரும்பாலான வீடுகளில் குற்றவாளி கூரைநீர்தான். மழை பெய்யும்போது குடையோடு வெளியே வந்து வீட்டை ஒரு சுற்று சுற்றுங்கள். வேறெந்தச் சோதனையும் இவ்வளவு சொல்லாது. கூரையோரப் பீலி நிரம்பி வழிகிறதா, டவுன்பைப் மூட்டில் கசிகிறதா, குழாய் மண்ணுக்குள் போகும் இடத்தில் நீர் எதிர்த்துக் கொப்பளிக்கிறதா என்று பாருங்கள். கடைசியில் சொன்னதுதான் மிகவும் ஏமாற்றக்கூடியது. மேலே எல்லாம் ஒழுங்காகத் தெரியும். ஆனால் மண்ணுக்குள் இருப்பது பழைய சுட்டமண் குழாய். மூட்டுக்கு மூட்டு மரவேர் நுழைந்து அடைத்திருக்கும். கூரையின் கால்வாசி நீர் அஸ்திவாரத்தின் ஓரமாகவே இறங்கிக்கொண்டிருக்கும். 40 சதுர மீட்டர்க் கூரைப்பகுதியில் 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் அது 1,000 லிட்டர். ஒரே மழையில், ஒரே குழாயில்.

வடிகால் வேலை செய்யும் உரிமம் பெற்ற டிரெயின்லேயரை அழைத்து, குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு முன் நகராட்சியில் உங்கள் வீட்டுக் கோப்பைக் கேட்டு வாங்கினால் பழைய வடிகால் வரைபடம் இருக்கும். வரைபடமும் கேமராவும் சேர்ந்தால் கண்மூடித்தனமாகத் தோண்ட வேண்டியிருக்காது. மழைநீரைக் கழிவுநீர்க் குழாயில் திருப்பிவிடும் குறுக்குவழியை யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். அது விதிமீறல். பெருமழையில் கழிவுநீர் உங்கள் வீட்டுக்கோ அடுத்த வீட்டுக்கோ திரும்பி வரும்.

அடுத்து, வீட்டைச் சுற்றியுள்ள மண்ணின் வாட்டம். ரசமட்டம் வைத்துப் பாருங்கள். நிலம் வீட்டிலிருந்து வெளிப்புறமாகச் சரிய வேண்டும். பல தலைமுறைகளாகப் பூச்செடிக்கு மண் கொட்டிக் கொட்டி, மரச்சுவரின் கீழ்ப்பலகையே மண்ணுக்குள் போயிருக்கும் வீடுகள் உண்டு. சுவர்ப்பலகையின் அடிவிளிம்புக்கும் மண்ணுக்கும் நடுவே 175 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். சிமெண்டுத் தளம் என்றால் 100 மில்லிமீட்டர். கறிவேப்பிலையும் கீரையும் சுவரோரத்தில்தான் வெதுவெதுப்பாக இருக்கும் என்பது தெரியும். தொட்டியில் வையுங்கள். சுவரோரத்துப் பாத்தியை எடுத்துவிடுங்கள்.

வெலிங்டன், டனீடன் போன்ற மலைச்சரிவு ஊர்களில் கூரையைச் சரி செய்தாலும் போதாது. மேட்டுப்பக்கத்து மண்ணுக்குள் ஊறிவரும் நீர் வீட்டடியில் வந்து சேரும். மழை நின்று மூன்றாம் நாளும் வீட்டின் மேட்டுப்பக்கம் மட்டும் சேறாக இருந்தால் அது ஊறும் நீர்தான். அதற்குத் தடுப்பு வடிகால் வேண்டும். வீட்டின் மேட்டுப்பக்கத்தில், சரிவுக்குக் குறுக்காகப் பள்ளம் வெட்டி, வடிதுணி விரித்து, துளையிட்ட குழாயைப் படுக்கவைத்து, கழுவிய ஜல்லி நிரப்பி, துணியை மேலே மடித்து மூடுவது. 100 மீட்டருக்கு ஒரு மீட்டராவது குழாய்க்கு வாட்டம் இருந்தால் நல்லது. முக்கியமாக, பள்ளம் பைல்களின் அடிமட்டத்துக்குப் பக்கத்தில் போகக் கூடாது. பைலின் பாதத்திலிருந்து 45 பாகைச் சரிவாக ஒரு கோடு மனத்தில் போட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கோட்டுக்குக் கீழே மண்ணைத் தோண்டினால் பைலின் பிடிமானமே போய்விடும். ஆழமாகப் போக வேண்டியிருந்தால் பொறியாளரைக் கேட்காமல் மண்வெட்டி எடுக்காதீர்கள். சேர்த்த நீரை எங்கே கொண்டுபோய் விடுவது என்பதற்கும் முன்பே விடை வேண்டும். களிமண்ணில் உறிஞ்சுகுழி தோண்டினால் அது கிணறாகத்தான் நிற்கும். பக்கத்து வீட்டு நிலத்தில் விடுவதும் கூடாது.

வீட்டுக்குள்ளிருந்தே நீர் வருவதும் உண்டு. குளியலறைத் தொட்டியின் கசிவு, சமையலறைக் கழிவுக்குழாயின் மூட்டு, சுடுநீர்க் கலனின் அழுத்தம் தணிக்கும் குழாய், துணி உலர்த்தும் இயந்திரத்தின் காற்றுக்குழாய், இவை வீட்டடியிலேயே முடிவதை நிறைய இடங்களில் காணலாம். ஆக்லாந்தில் நீர்மீட்டர் இருக்கிறது. இரவு எல்லாக் குழாய்களையும் மூடிப் படித்து, காலையில் யாரும் எழுமுன் மீண்டும் படியுங்கள். எண் நகர்ந்திருந்தால் பிளம்பரைக் கூப்பிடுங்கள்.

காற்று

நம்மவர்கள் அடிக்கடி செய்வது ஒன்று உண்டு. குளிர்காற்று வருகிறது, எலி நுழைகிறது என்று வீட்டடிக் காற்றுத்துளைகளைப் பலகையாலும் துணியாலும் அடைப்பது. தரை குளிரத்தான் செய்யும். ஆனால் அந்தத் துளைதான் ஈரக்காற்றுக்கு வெளியேறும் வாசல். எலிக்குக் கம்பிவலை போதும்.

மரவீட்டுக் கட்டுமான விதி கேட்பது, தரையின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 3,500 சதுர மில்லிமீட்டர் திறப்பு. மூலைகளிலிருந்து 750 மில்லிமீட்டருக்குள் தொடங்கி, 1.8 மீட்டருக்கு ஒன்றாக, எல்லாப் பக்கமும். கணக்குப் போட்டால் 100 சதுர மீட்டர் வீட்டுக்கு 3,50,000 சதுர மில்லிமீட்டர். ஒரு காற்றுத்துளை ஜாலியின் உண்மையான திறப்பு 7,000 என்று வைத்தால் 50 ஜாலிகள். பெரும்பாலான ஸ்டேட் ஹவுஸ்களின் கான்கிரீட் சுற்றுச்சுவரில் இதில் பாதிகூட இராது. இருப்பவற்றிலும் சில பின்னால் கட்டிய மர டெக்கின் மறைவில், சில சிமெண்டு முற்றத்தின் அடியில் புதைந்து, சில பெயிண்ட் பூசிப் பூசி அடைத்து. அடைப்பை எடுப்பதற்குச் செலவே இல்லை. ஒரு சனிக்கிழமை போதும். எதிரெதிர்ப் பக்கங்கள் திறந்திருக்கின்றனவா என்பதைக் குறிப்பாகப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் திறந்தால் காற்று உள்ளே வந்து அங்கேயே நிற்கும்.

மண்ணை மூடுதல்

செலவுக்குக் கிடைக்கும் பலனைப் பார்த்தால் இதற்கு ஈடான வேலை இந்த நூலில் வேறில்லை. 0.25 மில்லிமீட்டர் கனமுள்ள பாலித்தீன் விரிப்பை மண் முழுவதும் போடுவதுதான் வேலை. அதை முறையாகப் போட்டால் முன்சொன்ன காற்றுத் திறப்பின் தேவை சதுர மீட்டருக்கு 700 சதுர மில்லிமீட்டராகக் குறைகிறது. 50 ஜாலி கேட்ட வீட்டுக்கு 10 ஜாலி.

முதலில் கல், பழைய பலகை, தகரம், எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். விரிப்பை உள்மூலையில் தொடங்கி வாசலை நோக்கிக் கொண்டு வாருங்கள். ஒரு தாளின் மேல் அடுத்த தாள் 150 மில்லிமீட்டராவது ஏற வேண்டும், டேப் ஒட்ட வேண்டும். ஒவ்வொரு பைலையும் சுற்றி வெட்டி நெருக்கமாக அணைத்துப் போடுங்கள். மண் மேடுபள்ளமாக இருந்தால் நிரவிவிடுங்கள். இல்லாவிட்டால் விரிப்பின்மேல் நீர் குட்டையாக நிற்கும். ஓரங்களில் செங்கல் வையுங்கள், காற்று தூக்காது. சுற்றுச்சுவரின் காற்றுத்துளையை மட்டும் விரிப்பு மறைக்கக் கூடாது.

நீர் ஓடுகிற மண்ணின்மேல் விரிப்பைப் போடுவதில் பயனில்லை. விரிப்பு ஆவியைத் தடுக்கும், வெள்ளத்தைத் தடுக்காது. 2023 ஜனவரி 27இல் ஆக்லாந்தை மூழ்கடித்த மழைக்குப் பிறகு வீட்டடியில் வண்டல் படிந்த பல வீடுகளில், கழிவு கலந்த அந்த வண்டலையும் ஊறிப்போன இன்சுலேஷனையும் முதலில் அகற்றி, கிருமிநீக்கம் செய்து, உலரவிட்ட பிறகுதான் புதிய விரிப்பைப் பற்றிப் பேசவே முடியும்.

வாடகைக்கு இருப்பவர்களுக்கு

மேற்படிப்புக்கு வந்தவர்களும் புதிதாக வேலைக்கு வந்தவர்களும் பெரும்பாலும் வாடகை வீட்டில்தான். ஓதத்தைத் தலைவிதியாக ஏற்க வேண்டியதில்லை. 2019இல் வந்த ஹெல்தி ஹோம்ஸ் தரவிதிகளின்படி, வாடகை வீட்டில் மழைநீரை ஒழுங்காகக் கொண்டுபோகும் பீலியும் வடிகாலும் இருக்க வேண்டும். அடிப்பகுதி நாற்புறமும் மூடிய வீடென்றால், செய்ய முடிகிற இடங்களில் மண்மேல் விரிப்பும் கட்டாயம். 2025 ஜூலை 1 முதல் இது எல்லா வாடகை வீடுகளுக்கும் பொருந்தும். வீட்டுக்காரரிடம் வாய்மொழியாகச் சொல்லிக் காத்திருப்பது நம் வழக்கம். படம் எடுத்து, தேதியிட்டு, எழுத்தில் கேளுங்கள். அசையாவிட்டால் 14 நாள் அறிவிப்புக் கொடுக்கலாம். அதற்குப் பிறகு வாடகைத் தீர்ப்பாயம் இருக்கிறது. உரிமையைக் கேட்டதற்காக வீட்டை விட்டு அனுப்புவதைச் சட்டம் அனுமதிப்பதில்லை.

உலர்ந்த பிறகு

விரிப்பு போட்ட வாரத்திலேயே வாசனை குறையும். மரம் அப்படியல்ல, மெதுவாகத்தான் காயும். அவசரப்பட்டு வீட்டடியில் ஹீட்டரோ பெரிய விசிறியோ வைக்காதீர்கள். பல ஆண்டு நனைந்த பலகை சட்டென்று காய்ந்தால் வளையும், இடுக்கு விடும், வெடிக்கும். பென்சிலால் எழுதிய அதே இடங்களில் மாதம் ஒருமுறை கருவியைக் குத்துங்கள். தரையைச் சுரண்டிப் பாலிஷ் போடும் ஆசையை, எண்கள் 18க்குக் கீழே வந்து ஒரு குளிர்காலம் அப்படியே நிற்கும்வரை தள்ளி வையுங்கள். ஏதோ ஓரிடத்தில் மட்டும் எண் இறங்க மறுத்தால் அதற்கு நேர்மேலே குளியலறையோ சமையலறையோ இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்சுலேஷன் போடும் நேரம் இதுதான். பழைய அலுமினியத் தாள் இருந்தால் மெயினை அணைத்து, மின்பணியாளரைக் கொண்டு அகற்றுங்கள். அதற்குப் பதிலாக பாலியெஸ்டர் அல்லது கண்ணாடியிழைப் பாளங்களை ஜாயிஸ்ட்களுக்கு நடுவே, பலகையின் அடியைத் தொடும்படி இடைவெளி இல்லாமல் செருகி, தொங்காமல் பட்டை கொடுத்துப் பிடிக்க வேண்டும். பலகைக்கும் பாளத்துக்கும் நடுவே காற்று புகுந்தால் பாதிப் பயன் போய்விடும். மின்கம்பி ஓடும் சட்டத்தில் உலோகக் கிளிப் அடிக்கக் கூடாது. பைப்புகளின் மூட்டுகளை மூடாமல் விடுங்கள், நாளை கசிந்தால் கண்ணில் பட வேண்டும்.